உன் படத்தில் இல்லாதவர்கள்

பிள்ளை, நான் சொல்லச் சொல்லக் கீழ்மாடி ரகீம் தம்பி எழுதுகிற கடிதம் இது. நாற்பது வருடம் தையல் மெசினுக்கு முன்னால் இருந்த மனிதர். எழுத்தும் தையல் போல நெருக்கமாகவும் நேராகவும் இருக்கும். நான் பேசுகிறபடியே எழுதினால் உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று கொஞ்சம் சீர்படுத்தி எழுதுகிறார். அதை நான் தடுக்கவில்லை. ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "சரி அண்ணை, ஆனா மூச்சு விட்டு விட்டுச் சொல்லுங்கோ. கரையில நிண்டு கத்துற மாதிரிச் சொன்னா என்ர பேனை ஓடாது" என்றார். ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன். நீயும் ஆறுதலாக வாசி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ ரொறன்ரோவை விட்டு மேற்குக் கரைக்குப் பயிற்சிக்குப் போகிறாய். ஆறு மாதம். கடலுக்கு அடியில் நிலம் அசைந்தால் அலை எப்படிப் பிறக்கும், எவ்வளவு நேரத்தில் எந்தக் கரைக்கு வரும், அது வருவதைக் கரையில் இருக்கிற சனத்துக்கு எப்படிச் சொல்வது, அடிபட்ட ஊர் எப்படித் திரும்ப எழும்புவது, எல்லாம் சொல்லித் தருவார்கள் என்றாய். ஊரில் சண்டை முடிந்துவிட்டபடியால் பிறகு எங்கள் பக்கத்துக் கரைக்கும் அனுப்பக்கூடும் என்றாய். என் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் ஒரு தோடம்பழத்தையும் வைத்து விளங்கப்படுத்தினாய். உப்புப் போத்தல் கடலுக்கு அடியில் இருக்கிற பெட்டி, தோடம்பழம் மேலே மிதக்கிற மிதவை. "பெட்டி மிதவைக்குச் சொல்லும் அப்பா, மிதவை மேல சற்றலைற்றுக்குச் சொல்லும், அது அரசாங்கக் கந்தோருக்குச் சொல்லும்." "கந்தோர் ஆருக்குச் சொல்லும்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அங்கதான் எல்லாம் பிழைச்சுப் போறது. கந்தோர் மட்டும் செய்தி கெதியா வந்திடும். கந்தோரில இருந்து கரைக்குப் போற கடைசிக் கட்டைத் தூரம்தான் கஷ்டம். அதுக்குத்தான் இந்தப் படிப்பே." அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. தோடம்பழத்தை உரித்துப் பாதியை உனக்குத் தந்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் நீ வரைந்த அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய். முதல் கிழமையிலேயே ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் இருந்த ஒரு எச்சரிக்கை முறையைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டுமாம். யப்பானில் இருந்து வருகிற பிள்ளை, அந்தக் காலத்து அலை எதுவரை வந்ததென்று நட்டுவைத்த கல்லைப் பற்றிப் பேசப் போகிறதாம். "நான் உங்களைப் பற்றிப் பேசப்போறன்" என்று லப்ரொப்பைத் திருப்பினாய். மணல் திட்டியின் உச்சியில் ஒரு மனிதன் சிவப்புத் துணியைத் தலைக்கு மேலே வீசுகிறான். கீழேயிருந்து சனம் அவனை நோக்கி ஏறி ஓடிவருகிறது. பின்னால் அலை. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் வாசித்தாய். ஒரு கருவியும் இல்லாத கரையில் ஒரு மனிதன் ஒரு துணியால் தன் ஊரை எச்சரித்தான் என்று. "எப்பிடி அப்பா?" என்றாய். "வடிவாயிருக்கு" என்றேன். "வடிவு கிடக்கட்டும், சரியோ?" என்று கேட்டாய். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

சரியில்லை, பிள்ளை. அந்தப் படத்தைப் பார்த்து நாலு நாட்டுப் பிள்ளைகள் படித்துக்கொண்டு போய்த் தங்கள் கரைகளில் அதையே செய்தால் அந்தப் பாவமும் என்னைச் சேரும். நீ மேடையில் ஏறிப் பேச முன்னம் நான் இதைச் சொல்லியாக வேண்டும். சொன்னபின் நீ என்னை அப்பா என்று எந்தக் குரலில் கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில்தான் நாலரை வருடத்தைக் கடத்தினேன்.

துணி என்ன செய்தது என்பதை உன் கூட்டாளிகள் விளங்கிக்கொள்ள வேண்டும், அதனால் நீ அறிந்ததையும் சொல்கிறேன். எங்கள் கரையில் கரைவலை இழுத்தார்கள். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி வலையை இறக்கிக்கொண்டே கடலைச் சுற்றி வரும். மற்ற நுனி வேறு இடத்தில் கரைக்கு வரும். இரண்டு பக்கமும் சனம் நின்று இழுக்கும். தோணியில் இருப்பவனுக்கு மீன் எங்கே நிற்கிறதென்று தெரியாது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர்தான் தெரியும். உயரத்தில் நின்று பார்ப்பவனுக்குத்தான் கடலின் மேல் ஓடுகிற கறுப்பும் சிலிர்ப்பும் தெரியும். வலை சம்மாட்டியுடையது, கண் என்னுடையது. வலப்பக்கம் துணியை இழுத்தால் தோணி வலப்பக்கம் போகும். இடப்பக்கம் இழுத்தால் இடம். ஊர்ப்பக்கம் திரும்பித் தலைக்கு மேலே வீசினால், எல்லோரும் வாருங்கள், இழுக்க ஆள் வேண்டும் என்று அர்த்தம். எவ்வளவு வேகமாக வீசுகிறேனோ அவ்வளவு பெரிய மீன்கூட்டம். மீன் கலைந்துவிட்டால் துணியைக் கீழே போட்டுவிடுவேன். போட்டால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். ஒரு எழுத்துத் தெரியாத எனக்கு அந்த நாலைந்து சைகைதான் எழுத்து. ஊர் முழுக்க அதை வாசித்தது.

உன் அம்மாவைப் போல அதை வாசித்தவர் ஒருவரும் இல்லை. நம் வீடு றோட்டுக்கு அந்தப் பக்கம், பனைகளுக்குப் பின்னால். பின்வேலியில் நின்றால் தாழம்பற்றைக்கு மேலாகத் துணி தெரியும். அடுப்பில் உலை கொதித்தாலும் ஒரு கண் அங்கேதான். துணி எழும்பினால் அகப்பையைப் போட்டுவிட்டுப் பனையோலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவாள். அவள் நிற்கிற இடமும் எப்போதும் ஒன்றுதான். தண்ணீர் விளிம்பில், மீன் சேருகிற வலையின் மடி கரைக்கு ஏறுகிற இடத்தில். "நான் கூப்பிட்டா ஒருநாளும் திரும்பிப் பாக்கமாட்டார். அவற்ர கந்தைத் துணிக்கு மட்டும் நான் ஓடி வரவேணும்" என்று மற்றப் பெண்களுக்குச் சொல்லுவாள். நான் திட்டியில் நின்று, "இண்டைக்கு நெத்தலிதான், உனக்கு இவ்வளவு பெரிய கடகம் எதுக்கு?" என்று கத்துவேன். "உங்கட வாயை மூடத்தான்" என்று கீழேயிருந்து பதில் வரும். எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சம்மாட்டிக்குக் கோபம் வரும். "ரெண்டு பேரும் வீட்டில கதைக்கிறேல்லையே?" என்பார்.

நீ ஒருநாள் திட்டியில் ஏறியது நினைவிருக்கிறதா? அப்போது உனக்கு ஒன்பது வயது. பெண் ஏறினால் மீன் விலகும் என்று எங்கள் கரையில் ஒரு பேச்சு இருந்தது. ஆர் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. நீ வந்து என் பக்கத்தில் நின்று, "அப்பா, அங்கால இல்லை, இஞ்சால கறுப்பாக் கிடக்கு" என்று வடக்கைக் காட்டினாய். நான் உன் காதைப் பிடித்துத் திருகிக் கீழே இறக்கிவிட்டேன். தோணியைத் தெற்கே அனுப்பினேன். மடி முழுக்கக் கூழ் கூழாய்ச் சொறிமுட்டை. இழுத்தவர்களுக்கெல்லாம் கை கால் தடித்துப்போய், புளி பூசத் தேசிக்காய் தேடி ஊரெல்லாம் ஓடினார்கள். வடக்குப் பக்கம் பாரை மீன் துள்ளிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். உன் அம்மா, மடியைக் கொட்ட இறங்கித் தடித்துப்போன என் கைக்குச் சாம்பல் பூசிக்கொண்டே, "பொம்பிளைப் பிள்ளை ஏறினா மீன் விலகுமெண்டியள். மீன் விலகேல்லை, உங்கட புத்திதான் விலகினது" என்றாள். உன்னிடம் பிழை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரையில் என் சொல் பிழையாகாது என்று ஒரு பேர் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் பிறகு எனக்கு எதைச் செய்வித்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

உனக்குப் பதினேழு நடக்கும்போது மாமனிடம் ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். அனுப்புவது என் முடிவு. உன் அம்மா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி காட்டினால் வருவாள், கடகத்தை நிரப்புவாள், போய்விடுவாள். நீ வோபர்னில் மாமன் வீட்டில் இருந்து முதல் அனுப்பிய படத்தில் பனிக்குள் தொப்பியோடு நின்றாய். அதைப் பார்த்துத்தான் என்னோடு பேசினாள். "பாருங்கோ, பிள்ளை மூக்குச் சிவந்து போய் நிக்குது. மீன் சாப்பிடுதோ தெரியாது" என்றாள். அந்தப் படத்தை மா வாளியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருந்தாள். ஒவ்வொரு முறை மா எடுக்கும்போதும் உன்னைப் பார்ப்பதற்கு.

இனி அந்தக் காலை, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள். ரகீம் தம்பி பேனையை வைத்துவிட்டார். "அண்ணை, இதைப் பிள்ளைக்கு நேர சொன்னா என்ன?" என்று கேட்கிறார். "நேர சொன்னா அவள் அழுவாள். அவள் அழுதா நான் பாதியில நிப்பாட்டிப் போடுவன்" என்றேன். அவர் பேனையை மறுபடி எடுத்தார்.

மார்கழியில் எங்கள் பக்கம் கரைவலை கிடையாது. வாடைக் காற்றில் கடல் பொங்கிக்கொண்டிருக்கும். பல கிழமை துணி எழும்பாத ஊர், மீன் வாசம் மறந்து கிடந்தது. அன்றைக்குக் கடல் என்றைக்கும் இல்லாத அமைதி. ஒருவேளை ஒரு வலை போடலாமோ என்று பார்க்கத்தான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திட்டிக்குப் போனேன். உன் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வெளிக்கிட்டாச்சு? கடலுக்கு லீவு விட்டாலும் உங்களுக்கு லீவில்லை" என்றாள். அதுதான் அவள் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் கடல் சத்தமில்லாமல் ஏறி வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, இழுத்துவைத்த தோணிகளின் அடியை நனைத்துவிட்டுத் திரும்பியது. திரும்பியது நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. என் வாழ்நாளில் காணாத கல்லும் பாறையும் வெளியே வந்தன. மீன்கள் சேற்றில் கிடந்து துடித்தன. அதற்கும் அப்பால், வானமும் கடலும் சேருகிற இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு. கடலைப் பார்த்தே வயது போன எனக்கு அந்தக் கோடு என்னவென்று தெரியாது. ஆனால் அது வரக்கூடாத ஒன்று என்று மட்டும் விளங்கியது. நான் ஊர்ப்பக்கம் திரும்பினேன். துணியைத் தலைக்கு மேலே வீசினேன். ஓடுங்கள் என்றுதான் கத்தினேன். பனைகளுக்கு அப்பால் இருந்த ஊருக்குக் குரல் எங்கே கேட்கும்? துணிதான் தெரிந்தது.

துணி எழும்பியதும் ஊர் கிளம்பிவிட்டது, பிள்ளை. பல கிழமைக்குப் பிறகு எழும்பிய துணி. ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள், பெண்கள் கடகத்தோடு வந்தார்கள். வரவேண்டாம் என்று இன்னும் வேகமாக வீசினேன். இன்னும் வேகமாக ஓடிவந்தார்கள். என் கை எவ்வளவு பதறியதோ அவ்வளவு பெரிய மீன்கூட்டம் என்று அவர்கள் வாசித்தார்கள். வந்தவர்கள் நாங்கள் அத்தனை வருடம் நின்று பழகிய இடத்தில், தண்ணீர் விட்டுப்போன விளிம்பில், வரிசையாகப் போய் நின்றார்கள்.

உன் அம்மா வேலிக் கடப்பைத் தாண்டி, றோட்டைக் கடந்து, பனைகளுக்குள்ளால் ஓடிவந்ததை நான் பார்த்தேன். தன் இடத்துக்குப் போனாள். கடகத்தை மணலில் வைத்தாள். வலையும் இல்லை, தோணியும் இல்லை என்பதைக் கண்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்னப்பா இது என்று கேட்கிற பார்வை. நான் வீசிக்கொண்டே இருந்தேன். கத்தியதை எழும்பிவந்த அலையின் இரைச்சல் விழுங்கியது.

அவள் கரையில் கருவாடு அள்ளப் போயிருந்தாள் என்று நான் உனக்குச் சொன்னது பொய். நம் வீட்டு முற்றத்துக்கு வந்தது முழங்கால் தண்ணீர்தான். அவள் கூட்டிக் குவித்த சருகு மட்டும்தான் வேலியோரம் மிதந்து போயிருந்தது. வீட்டில் இருந்திருந்தால் இருந்திருப்பாள். நான் கூப்பிட்டுத்தான் வந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை இதுவரை எவருக்கும் சொல்லவில்லை. துணியைக் கீழே போட்டிருந்தால் போதும். மீன் இல்லை, வீட்டுக்குப் போ. அந்தச் சைகையைக் கைக்குழந்தையும் அறியும். போட்டிருந்தால் பாதி வழியில் நின்று, என்னை ஏசிக்கொண்டு, திரும்பிப் போயிருப்பார்கள். அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் வற்றியபின் திட்டியில் இருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. துணி அப்போதும் என் கையில்தான் இருந்தது.

நீ கேட்பாய், அப்படியானால் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று. ஏழெட்டுப் பேர் திட்டியில் ஏறியபடியால் பிழைத்தார்கள். நான் காப்பாற்றுவேன் என்று அவர்கள் ஏறவில்லை. என்னை நக்கலடிக்க ஏறினார்கள். முன்னால் வந்தவன் சின்னராசா, தோணியில் தண்டு வலிக்கிறவன். "என்னண்ணை, வலையுமில்லை தோணியுமில்லை, ஆருக்குக் கைகாட்டுறியள்? நேற்றையான் நத்தார்ச் சாராயம் இன்னும் இறங்கேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு ஏறினான். அவன் பின்னால் சிரித்துக்கொண்டு மற்றவர்கள். அவன் சொல்லி முடிக்கவில்லை, கீழே ஒன்றுமில்லை. என் சொல்லை மதித்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றவர்கள் போய்விட்டார்கள். என்னைப் பகிடி பண்ண வந்தவர்கள் மிஞ்சினார்கள்.

மிஞ்சியவர்கள்தானே கதை சொல்ல முடியும்? "அண்ணை கூப்பிட்டார், நாங்கள் அவரிட்ட ஓடினம், தப்பினம்" என்று அகதி முகாமில் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை. அந்தக் கதை எனக்கு முன்னமே கப்பல் ஏறி, பிளேன் ஏறி, இங்கே வந்துவிட்டது. நீ என்னைக் கூப்பிட்டெடுத்து, நான் மோர்னிங்சைட்டில் இந்தக் கட்டிடத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை, ஊர்க்காரர் ஒரு மண்டபத்தில் கூடி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நீ முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்தாய். ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். கையைக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அடக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதே கோடையில் நீ என்னைக் குன்றுகளுக்குக் கீழே ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். உப்பு வாசம் இல்லாத கடல், பார்க்க ஏமாற்றமாக இருந்தது. மர வாங்கில் இருந்து கோப்பி குடிக்கும்போது, "அண்டைக்கு அம்மா எங்கயப்பா நிண்டவ?" என்று கேட்டாய். நீ ஏரியைப் பார்த்துக்கொண்டு கேட்டாய், நானும் ஏரியைப் பார்த்துக்கொண்டு கருவாட்டுக் கதையைச் சொன்னேன்.

அப்படியே போயிருக்கும். சாகும்வரை சொல்லாமல் விட்டிருப்பேன். இந்த வருடம் மாசியும் பங்குனியும் சித்திரையும் வந்தன. நீ வேலை முடிந்து பிறம்ரனில் இருந்து வந்து, சண்டையை நிறுத்தச் சொல்லிக் குளிருக்குள் சனத்தோடு வீதியில் நின்றாய். நான் கீழ்மாடியில் ரகீம் தம்பி வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். எங்கள் ஊரில் மிஞ்சிய சனமெல்லாம் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் களப்புத் தண்ணீருமாய் ஒரு துண்டுக் கரையில் அடைந்து கிடந்தது. எனக்குத் தெரிந்த முகம் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வைகாசியில் எல்லாம் முடிந்ததென்றார்கள். போன மாதம் ஒரு காலை கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது ரெலிபோன் அடித்தது.

"அண்ணை, நான் சின்னராசா."

"எந்தச் சின்னராசா?"

"திட்டியில ஏறி உங்களை நக்கலடிச்ச சின்னராசா."

"இருக்கிறியோடா?"

"முகாமில இருக்கிறன். வீட்டில ரெண்டு பேர் குறைவு."

நான் கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். அவனே சொல்லிக்கொண்டு போனான். "இந்த இடத்துக்கு வாங்கோ, இஞ்ச ஷெல் ஒண்டும் விழாது எண்டு அறிவிச்சவை அண்ணை. பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு போனம். அங்கயும் விழுந்தது. பிறகு வேற இடம் சொல்லிச்சினம். அங்கயும் போனம்." யாரோ பக்கத்தில் நின்று போனைத் தா என்று அவசரப்படுத்தினார்கள். "கோவிக்காதேங்கோ. அப்ப எனக்கு உங்கட துணிதான் ஞாபகம் வந்தது" என்றான்.

"ஏன்ரா?" என்றேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் காட்டினியள். எண்டாலும் கூப்பிட்ட இடத்துக்கு ஓடித்தானே சனம் போச்சுது. அண்ணி கீழ நிண்டதை நானும் பாத்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"சொல்லுங்கோ அண்ணை. இனி எங்கட சனம் ஆர் கூப்பிட்டாலும் அசையாது. கடலே வந்து கதவைத் தட்டினாலும் அசையாது. அது உங்கட பிள்ளைக்குத் தெரியவேணுமெல்லே? உந்தப் படிப்புத்தானே படிக்குதாம்?"

நாலரை வருடம் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பிள்ளை. தன் வீட்டில் இரண்டு பேரைக் கொடுத்துவிட்டு, முகாமில் வரிசையில் நின்று ரெலிபோன் எடுத்து, உன் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டான். அதற்குப் பிறகும் நான் உன் படத்தைப் பார்த்து வடிவாயிருக்கு என்றேன் பார், அதுதான் எனக்கு வெட்கம்.

நீ என்னிலும் படித்தவள். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒருவன் கெட்டுப்போய் அறிந்ததைக் கேட்டுவை. அந்தக் கரைக்கு உன்னை அனுப்பினால், சைரனைத் தூக்கிக்கொண்டு போய் இறங்காதே. முதலில் போய்ச் சனத்தோடு இரு. அவர்கள் உன்னை ஏசுவார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்பார்கள். கேட்டுக்கொண்டிரு. என்ன சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவாய், என்ன சத்தம் கேட்டால் வெளியே வருவாய் என்று வீட்டுக்கு வீடு கேள். நீங்கள் மேட்டுப்பக்கம் ஓடு என்று வைக்கிற சத்தம் அவர்களுக்கு நிலத்தில் படு என்று கேட்கலாம். கந்தோரில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியாத மாதிரி. நீ ஒருமுறை பிழையாகக் கூப்பிட்டுவிட்டால் அடுத்த நாளே போய் நான் பிழை என்று சொல். பேரைக் காப்பாற்ற நினையாதே. நான் உன் காதைத் திருகிய அன்றைக்கு அதைச் சொல்லப் பழகியிருந்தால், என் துணியும் பிழை சொல்லும் என்று ஊர் ஒருமுறையாவது யோசித்திருக்கும்.

படத்தைக் கிழிக்காதே. என்னை அழிக்காதே, துணியையும் அழிக்காதே. தண்ணீர் விளிம்பில் நின்றவர்களையும் வரை. வரிசையாக, கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி. இடுப்பில் கை வைத்தபடி உன் அம்மாவை வரை. கீழே எழுதியிருப்பதை மாற்றிவிட்டு இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசி. ஆங்கிலத்தில் நீயே சொல்லு. இது யார் செய்தது என்று கேட்டால், என் அப்பா என்று சொல்ல உனக்கு மனம் வந்தால் சொல். வராவிட்டால் ஒரு கிழவன் என்று சொல், அதுவும் சரிதான்.

ரகீம் தம்பி இதை நாளைக்குத் தபாலில் சேர்ப்பார். வெள்ளிக்கிழமைக்கிடையில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார். வாசித்துவிட்டு உடனே போன் எடுக்காதே. எடுத்தால் நான் என்ன சொல்வேன்? உன் வீட்டில் இருந்து விமான நிலையம் கிட்ட. வழியனுப்ப வர என்னை ஏற்ற இங்கே வருவதென்றால் ஊரைச் சுற்றி வர வேண்டும், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து கீழ் வாசலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நிற்பேன். பத்து மணிவரை பார்ப்பேன். நீ வராவிட்டால் உன்னில் ஒரு பிழையும் இல்லை, மேலே ஏறிவிடுவேன். வந்தால் நான் கதவைத் திறந்து முன் சீற்றில் ஏறுவேன். நீ அம்மாவைப் பற்றிக் கேள். கேட்கிறதையெல்லாம் சொல்வேன்.